வேர்ப்பெயர்

காலை ஐந்தரை மணிக்குச் செண்பகவல்லி தன் வெளிநுரையீரலைக் கழற்றிக் கழுவினாள். செவ்வாய்க் கோளின் செம்மேட்டுக் குடியிருப்பில் அது பல் துலக்குவதைப் போன்ற ஒரு வேலை. வலது விலாவில் உள்ள சிறு மூடியைத் திறந்து, உள்ளங்கை அளவுள்ள வடிபையை வெளியே எடுத்து, முந்தைய நாள் படிந்த செம்மண் தூளை அரைக் குவளை நீரில் அலசி, உதறி, திரும்ப மாட்ட வேண்டும். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பழகியவர்களுக்கு நாற்பது விநாடி ஆகும். செண்பகவல்லிக்கு முப்பத்தொன்று. அவள் செவ்வாய்க்கு வந்து இருபத்துமூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாட்டி முடித்து மூச்சை விட்டபோது சுவரில் ஒளிரும் அலமாரியில் ஒரு குரல் காத்திருந்தது. அறிவிப்பு என்றால் இரண்டு முறை கண்ணைச் சிமிட்டினால் போதும். 'பார்த்தாயிற்று' என்று பதிந்துகொண்டு போய்விடும். நாளொன்றுக்கு நூறு, நூற்றைம்பது அறிவிப்புகளை அவள் அப்படித்தான் வழியனுப்பினாள். எல்லோரும் அப்படித்தான். குரலை அப்படி அனுப்ப முடியாது, உட்கார்ந்து கேட்டாக வேண்டும். அதனாலேயே யாரும் யாருக்கும் குரல் அனுப்புவதில்லை.

"செண்பகவல்லி அம்மாதானே? நான் எஸ்தர் ஞானமணி பேசுதேன், நிலாக் காப்பகத்துலருந்து. வரவேற்புல இருக்கேன். உங்க அப்பா உலகநாதன் பேர நான்தாம்மா புடிச்சிட்டிருக்கேன். வர்ற பதினொண்ணாந் தேதியோட எனக்கு வேல முடியுது, பூமிக்குப் போறேன். என் அலமாரிய மூடிருவாங்க. அதுக்குள்ள உங்கள்ல யாராவது ஒருத்தர் பேர் ஊனணும். இல்லன்னா அப்பா இருக்க எடம் காலியாயிரும். நோட்டீஸ் நெறைய அனுப்பினேன், பதில் வரல. அதான் பேசிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

செண்பகவல்லி அலமாரியைப் பார்த்தாள். அரிசிப் பங்கீட்டுக்கும் பழைய கல்யாணப் படங்களுக்கும் நடுவே 'அப்பா' என்ற பெயர் இருந்தது. பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட முகம். பத்தொன்பது ஆண்டுகளாக அங்கேதான் இருந்தது. இருக்கும் ஒருவரை ஏன் இல்லாமற் போவார் என்கிறாள் இந்த அம்மாள் என்று அவளுக்குப் புரியவில்லை. சத்துக்கஞ்சியைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அவள் கல்நெஞ்சுக்காரி அல்ல. செம்மேட்டில் குடியேறும் எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் ஒரு தணிப்பியைப் பதித்துவிடுவார்கள். பதற்றம், அழுகை, கோபம் எல்லாம் மூச்சை வாரி இறைப்பவை. காற்றை அளந்து விடும் ஊருக்கு அவை கட்டுப்படியாகாது. தணிப்பி அவற்றை அடியோடு நிறுத்தாது. அடுத்த வீட்டில் யாரோ சண்டை போடுவதைச் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்பதுபோல ஆக்கிவிடும். துக்கம் வந்தால் வந்தது என்று தெரியும், அவ்வளவுதான்.

அவளுக்கு வேலை கதவுகளைச் சோதிப்பது. குடியிருப்பின் கிழக்குச் சுற்றில் நூற்று நாற்பது காற்றடைப்புக் கதவுகள் இருந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் விரலை ஓட்டி, ரப்பர் விளிம்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் 'சரி' என்று சொல்ல வேண்டும். கதவு அதைப் பதிந்துகொள்ளும். அன்று நூற்று நாற்பது முறை 'சரி' என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் காப்பகச் சேவை மையத்துக்குப் போனாள்.

அங்கே பாக்கியநாதன் என்பவர் இருந்தார். செம்மேட்டிலேயே பிறந்தவர், கடல் என்றால் என்னவென்று படத்தில் மட்டும் பார்த்தவர். அவளுடைய அலமாரியைத் தன் மேசைக் கண்ணாடியில் வரவழைத்து, 'அப்பா'வின் மேல் விரலை வைத்தார்.

"அக்கா, உங்ககிட்ட இருக்கறது வேர்ப்பெயர் இல்ல. சுட்டுப்பெயர்."

"ரெண்டும் பேருதானே?"

"பேருதான். ஆனா நிலாவுல உங்க அப்பாவோட உரு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதுக்கு எத்தன வேர்ப்பேர் வேணும்னாலும் ஊனலாம். அசல் பேரு, நகல் பேருன்னு கெடையாது. எல்லாம் சமம். ஒரே ஒரு வேர்ப்பேர் இருக்கற வரைக்கும் உரு இருக்கும். கடைசிப் பேர எடுத்துட்டா எடத்த அடுத்தவங்களுக்குக் குடுத்துருவாங்க."

"அழிச்சிருவாங்களா?"

"அழிக்கறதுன்னு ஒரு வேலையே அங்க கெடையாதுக்கா. பேர எடுக்கறது மட்டுந்தான்."

"அப்ப இந்தச் சுட்டுப்பேரு?"

"ரோட்டோரம் நிக்கிற கைகாட்டிப் பலகை மாதிரி. ஊரு இந்தப் பக்கம்னு காட்டும். ஊரே இல்லாமப் போனாலும் பலகை பாட்டுக்கு நிக்கும்."

செண்பகவல்லி தலையசைத்தாள். "சரி, வேர்ப்பேர் ஊனிக் குடுங்க."

"ஊனாதுக்கா."

"ஊனிப் பாருங்க."

பாக்கியநாதன் ஊன்றிப் பார்த்தார். கண்ணாடியில் ஒரு வரி எழுந்தது: எல்லை கடந்து வேர் ஊன்றாது. அவர் அதை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். நிலவின் தென்முனையில் வெயிலே படாத பள்ளத்தில் இருந்தது அந்தக் காப்பகம். குளிர் அங்கே இயற்கையாகவே கிடைத்ததால் மூன்று உலகத்து நோயாளிகளின் உருக்களையும் அங்கேதான் வைத்தார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்காக அதை வலையின் வழியே வீட்டுச் சுவரில் மாட்டிக் கொடுத்தார்கள். பார்க்கிறவருக்குத் தன் வீட்டிலேயே பொருள் இருப்பது போலத் தெரியும். ஆனால் வேர் என்பது ஒரே மண்ணில்தான் ஓடும். செவ்வாயின் அலமாரியிலிருந்து நிலவின் உருவுக்கு அது போகாது.

"பத்தொம்பது வருஷமா என் வீட்டுச் செவுத்துல இருக்காரு," என்றாள் செண்பகவல்லி.

"தெரியறாருக்கா. இருக்கறது நிலாவுல."

"என் பலகை எங்க கை காட்டுது?"

அவர் பார்த்தார். "ஓசூர்ல சோலைராஜ்னு ஒருத்தர். உங்க அண்ணனா? அவரு அலமாரியக் காட்டுது." விரலை நகர்த்தினார். "அவருது மங்கையர்க்கரசிங்கறவங்களக் காட்டுது."

"தங்கச்சி."

"அவங்களுது…" என்று நிறுத்தினார். "உங்களக் காட்டுது."

மேசைமேல் அவருடைய விரல் ஒரு வட்டத்தைப் போட்டு முடித்திருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"மூணு பேர்ல யாராவது ஒரே ஒரு தடவ தொறந்து பாத்திருந்தா அன்னைக்கே சுத்து தெரிஞ்சிருக்கும்," என்றார் பாக்கியநாதன். "தொறக்காத வரைக்கும் தெரியாது." அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவருக்கும் தணிப்பி இருந்தது.

உலகநாதனுக்கு வந்தது நரம்பு வற்றும் நோய். அறுபத்தோரு வயதில் கைவிரலில் தொடங்கி ஆறே மாதத்தில் நெஞ்சுவரை ஏறிவிட்டது. மருந்து கண்டுபிடிக்கப்படும்வரை உருவை எடுத்து வைத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மூளையில் உள்ளதையும் உடம்பின் வார்ப்பையும் எடுத்து நிலவுக்கு அனுப்பிவிட்டு, உடலைக் கோவில்பட்டியில் எரித்தார்கள். அப்போது செண்பகவல்லி செவ்வாய்க்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மூத்த மகன், அதுவும் பூமியில் இருக்கிறவர், அண்ணன் எல்லாம் செய்திருப்பார் என்று அவள் நினைத்தாள். அவர் அலமாரியிலிருந்து தன் அலமாரிக்கு ஒரு பெயரைச் சேர்த்துக்கொண்டாள். 'சேர்ந்துவிட்டது' என்று சுவர் சொன்னது. சரி என்று அவளும் இருந்துவிட்டாள்.

மறுநாள் முப்பதாவது கதவுக்கும் முப்பத்தொன்றாவது கதவுக்கும் நடுவில் அண்ணனுக்குக் குரல் அனுப்பினாள். பூமிக்கு அது போய்ச் சேரப் பதினான்கு நிமிடம், பதில் வரப் பதினான்கு நிமிடம். முப்பத்தெட்டாவது கதவில் பதில் வந்தது.

"என்னம்மா சொல்ற? மங்கை வச்சிருக்கான்னுல்ல நான் நெனச்சேன். அவதானே நர்ஸு? இதெல்லாம் அவளுக்குத்தானே தெரியும்? நீ அவகிட்டக் கேட்டியா?"

பூமியைச் சுற்றிவரும் வட்டப்பாதை மருத்துவமனையில் இருந்தாள் மங்கை. அவளுடைய குரல் ஐம்பதாவது கதவில் வந்தது. பின்னால் ஏதோ கருவி விட்டுவிட்டு ஒலித்துக்கொண்டிருந்தது.

"அய்யோ அக்கா, நீ வச்சிருக்கேன்னுல்ல நெனச்சேன். அப்பாவுக்கு நீதானே செல்லம்? நீ விட்டிருக்க மாட்டேன்னு நான் பாட்டுக்கு இருந்துட்டேன்."

நிலாவில் அறுபது நாள் தங்கி, அங்கே ஓர் அலமாரி எடுப்பவர்களால்தான் வேர்ப்பெயர் ஊன்ற முடியும் என்று பாக்கியநாதன் சொல்லியிருந்தார். செவ்வாயிலிருந்து போக எட்டு மாதம் ஆகும். பூமியிலிருந்து மூன்று நாள். வட்டப்பாதையிலிருந்து இரண்டரை நாள். கெடு போதாதென்றாலும், பதினொன்றாம் தேதிக்குள் ஒருவர் அங்கே போய்ப் பதிந்துகொண்டால் அந்த அறுபது நாளுக்குக் காப்பகம் காத்திருக்கும். செண்பகவல்லி அதை இருவருக்கும் சொன்னாள்.

"முட்டி ரெண்டையும் மாத்தி மூணு மாசந்தாம்மா ஆகுது," என்றார் சோலைராஜ். "அதோட அடுத்த மாசம் எங்க குடியிருப்புச் சங்கத்துல தேர்தல். நான்தான் செயலாளர். இந்த நேரத்துல விட்டுட்டுப் போனா நல்லாருக்காது. அவங்களும் அப்படியெல்லாம் விட்ற மாட்டாங்க பாரு. ஏதாவது ஏற்பாடு இருக்கும். நீ கொஞ்சம் அழுத்திக் கேளு."

"வார்டுல எம்பது பேரு கெடக்காங்கக்கா," என்றாள் மங்கை. "பெத்த புள்ளைங்ககூட வந்து எட்டிப் பாக்கறதில்ல. நானும் விட்டுட்டு வந்துட்டா அவங்கள யாரு பாப்பா, சொல்லு?"

செண்பகவல்லி ரப்பர் விளிம்புகளில் விரலை ஓட்டிக்கொண்டே நடந்தாள். இரண்டு குரல்களையும் இன்னொரு முறை கேட்டாள். அவற்றில் பெரிய வருத்தம் இல்லை, பெரிய பொய்யும் இல்லை. தன் குரல் எப்படியோ அப்படியே அவையும் இருந்தன. தொண்ணூற்றேழாவது கதவில் கையை வைத்தபடி நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. பூமியிலும் அதன் வட்டப்பாதையிலும் யாருக்கும் தணிப்பி கிடையாது.

'சரி' என்று சொன்னாள். கதவு பதிந்துகொண்டது.

அன்று மாலை எஸ்தர் ஞானமணிக்குக் குரல் அனுப்பினாள். யாராலும் வர முடியவில்லை, வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டாள். பதில் நீளமாக வந்தது.

"நெனச்சேம்மா. கொற சொல்லல, எல்லாரும் அப்படித்தான். ஒரு உரு இங்க வந்து எறங்குன அன்னைக்கு, வீட்டுக்காரங்க பேர் ஊன்ற வரைக்கும் ஊழியர்ல ஒருத்தர் ஊனி வைக்கணும்னு விதி. மூணு நாளைக்கு. உங்க அப்பாவுக்கு நானும் மூணு நாளைக்குன்னுதான் ஊனினேன். அப்புறம் எடுக்கப் போனா, பேரு கணக்குல ஒண்ணுன்னு காட்டுது. அந்த ஒண்ணு நான்தான். எப்படி எடுக்க? இப்படி நாப்பத்தோரு பேரு சேந்துட்டாங்க என் அலமாரில. நாப்பது பேருக்கு ஆள் தேடிப் புடிச்சிட்டேன். உங்க அப்பா ஒருத்தர்தான் பாக்கி."

நடுவில் காகிதத்தை மடிக்கும் சத்தம் கேட்டது.

"இன்னொண்ணு சொல்லணும். அவர் நோய்க்கு மருந்து வந்து ஆறு வருஷம் ஆச்சும்மா. அதுக்கும் நோட்டீஸ் போட்டேன். மூணு பேரும் பார்த்ததாப் பதிஞ்சிருக்கு. சரி, எல்லாரும் கலந்து பேசிட்டிருப்பீங்கன்னு நெனச்சேன். நானும் அதோட விட்டிருக்கக் கூடாது. இப்ப என்னன்னா, கடைசிப் பேரு புடிச்சிருக்கவங்களுக்கு ஒரு உரிமை இருக்கு. மருந்து இருக்கற நோயாளின்னா எழுப்பிரலாம். வீட்டுக்காரங்க சம்மதம் வேண்டாம். நான் அவர எழுப்பிட்டுத்தான் போகப் போறேன். சொல்லாமச் செய்யக் கூடாதில்ல, அதான் சொல்லுதேன்."

செண்பகவல்லி 'சரிங்கம்மா' என்று பதில் அனுப்பினாள். அது போதாதென்று தோன்றியது. வேறு என்ன சொல்வது என்று யோசித்து, 'நன்றி' என்று இன்னொன்றையும் அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து ஓர் அறிவிப்பு வந்தது. உலகநாதன் படுத்த காலத்தில் குடும்பச் செய்தி என்றால் எல்லோருக்கும் பொதுவாக எழுதிப் போடுவதுதான் வழக்கம்; அவருக்குக் குரல் விஷயம் தெரியாது.

'நான் உலகநாதன். எழுந்துவிட்டேன். கை கால் நன்றாக அசைகிறது. காப்பியை நானே எடுத்துக் குடித்தேன். எழுந்தவர்கள் இங்கே முப்பது நாள்தான் தங்கலாமாம். எங்கே வரட்டும் என்று மூன்று பேரில் யாராவது சொல்லவும்.'

கீழே சோலைராஜ் பார்த்தாயிற்று, மங்கையர்க்கரசி பார்த்தாயிற்று என்று இருந்தது. செண்பகவல்லி படித்து முடித்ததும் அவள் பெயரும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

இரண்டு நாள் கழிந்தது. 'அப்பா எழுந்துட்டாராமே, பாத்தியா? ரொம்ப சந்தோஷம்' என்று அண்ணன் அவளுக்குத் தனியாக எழுதினார். 'அப்பா நோட்டீஸ் பாத்தியாக்கா? அண்ணன் என்ன சொல்றான்?' என்று மங்கை தனியாக எழுதினாள். அப்பாவின் அறிவிப்புக்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.

மூன்றாம் நாள் மதிய இடைவேளையில் செண்பகவல்லி அறுபதாவது கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க் கப்பலில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களை ஏற்ற மாட்டார்கள். இது குழந்தைக்கும் தெரிந்த விதி. பழைய எலும்பு அந்தப் பயணத்தைத் தாங்காது. அப்பா படுத்தபோதே வயது அறுபத்தொன்று. நாட்காட்டிப்படி பார்த்தால் எண்பது. அவள் இதையெல்லாம் கூட்டிக் கழித்து யோசித்தாள் என்று சொல்ல முடியாது. அது தெரிந்த விஷயமாக மனதில் இருந்தது, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு எழுதினாள்.

'அப்பா, இங்கே என்னிடம் வந்துவிடுங்கள். என்னோடு இருக்கலாம். செண்பகவல்லி.'

எழுதி அனுப்பியதும் உடம்பு கொஞ்சம் லேசானது போல இருந்தது. வீட்டு வாசலில் நின்று, போகிறவரிடம் 'ஒருநாள் சாப்பிட வாங்க' என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தும்போது வருமே, அந்த லேசு. அண்ணன் உடனே எழுதினார்: 'உனக்குப் பெரிய மனசும்மா.' மங்கை ஓர் இதயத்தை அனுப்பியிருந்தாள்.

ஆறாம் நாள் பாக்கியநாதன் அவளைச் சேவை மையத்துக்கு வரச் சொன்னார்.

"அக்கா, உங்க அப்பாவுக்கு அனுமதி வந்தாச்சு. அடுத்த கப்பல்."

செண்பகவல்லி நின்றபடியே கேட்டாள். "அறுவதுக்கு மேல ஏத்த மாட்டாங்களே."

"ஏத்த மாட்டாங்க. ஆனா வயசுங்கறது உடம்போட வயசுதானே? அவரோட பழைய உடம்ப எரிச்சாச்சு. இது புதுசா வார்த்த உடம்பு. வார்த்து பதினோரு நாள் ஆகுது." அவர் கண்ணாடியைப் பார்த்து வாசித்தார். "வயது, பதினோரு நாள். பிரிவு, குழந்தை. எலும்பெல்லாம் பச்சை எலும்பு, பயணத்துக்கு ஒண்ணும் பயமில்ல."

"குழந்தையா?"

"பதிவேட்டுல அப்படித்தான் வரும். குழந்தைன்னா தனியா வரமுடியாது, இங்க ஒரு பாதுகாவலர் கூப்பிட்டிருக்கணும். நீங்க எழுதினீங்கல்ல, என்னோட இருக்கலாம்னு? அத அவரு அங்க காட்டியிருக்காரு. விதிப்படி அதுவே போதுமாம். அதிகாரி ரொம்ப மெச்சிக்கிட்டாராம். கைரேகை மட்டும் வச்சிருங்க."

"வைக்கலன்னா?"

"வைக்கலன்னா காரணம் எழுதணும்," என்று பாக்கியநாதன் ஒரு கட்டத்தைத் திறந்து காட்டினார். நான்கு வரி எழுதும் அளவுக்கு இடம் வெறுமையாக இருந்தது.

செண்பகவல்லி அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். அறை சிறியது என்று எழுதலாம். இருவருக்குப் போதும் என்று அளவுக் குறிப்பே சொல்லும். வேலை இருக்கிறது என்று எழுதலாம். எல்லோருக்கும் வேலை இருக்கிறது. அப்பாவோடு பகை என்று எழுதலாம். பகை ஒன்றும் இல்லை. வர முடியாது என்று நினைத்துத்தான் வாங்க என்று சொன்னேன் என்பதுதான் காரணம். அதை நான்கு வரிக்குள் எழுதிவிடலாம், ஒரு வரியே போதும். அவள் கட்டத்தை மூடிவிட்டுக் கட்டைவிரலை வைத்தாள்.

எட்டு மாதம் போயிற்று. கதவுகள் சரியாக இருந்தன. வாரம் ஒருமுறை கப்பலிலிருந்து 'குழந்தை நலம்' என்று அறிவிப்பு வந்தது. அவள் கட்டிலை ஒரு பக்கமாகத் தள்ளி, நடுவில் ஒரு திரையைத் தொங்கவிட்டு, நுரையீரல் மாட்டும் கொக்கி இன்னொன்றைச் சுவரில் பதிக்கச் சொல்லி விண்ணப்பித்தாள். வந்து பதித்துவிட்டுப் போனார்கள். எஸ்தர் ஞானமணி பூமியிலிருந்து ஒருமுறை குரல் அனுப்பினாள்: "கூப்பிட்டுட்டீங்களாமே. இந்த ஒண்ணுதாம்மா எனக்கு மனசுல கெடந்தது. நல்லாருங்க." செண்பகவல்லி பதிலை இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் விட்டுவிட்டாள்.

கப்பல் வந்த அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு ஏழாம் வாயிலில் நின்றாள். பயணிகள் வரிசையாக வந்தார்கள். தாய்மார்களும் குழந்தைகளும் வரும் தனி வழியில், மூன்று கைக்குழந்தைகளுக்குப் பின்னால், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் வந்தார். அவர் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டியிருந்தது. 'குழந்தை, 8 மாதம்' என்று எழுதியிருந்தது. வார்ப்பு எப்படியோ உடம்பும் அப்படி; நரைத்த மீசை, நெற்றியில் பழைய தழும்பு எல்லாம் இருந்தன. அறுபத்தொன்றுக்கு ஒரு நாள் கூடவில்லை.

அவர் செண்பகவல்லியைத் தாண்டி அவளுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே நின்ற இளம்பெண்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவள் என்பதால் அவளிடமே கேட்டார்.

"ஏம்மா, செண்பகவல்லின்னு… கதவு ஆபீஸ்ல வேல பாக்கறா. வந்திருக்காளா?"

"நான்தாம்ப்பா."

உலகநாதன் அவளைப் பார்த்தார். முப்பது வயதில் துறைமுகத்தில் வழியனுப்பிய மகளுக்கு இப்போது ஐம்பத்துநான்கு. முன்தலை முழுக்க நரைத்திருந்தது. யாராவது பார்த்தால் அண்ணன் தங்கை என்றுதான் சொல்வார்கள். அவர் கையைத் தூக்கி அவள் நரையைத் தொட்டார். உதடு கோணிற்று. சத்தம் போட்டே அழுதார். வந்து இறங்குகிறவர்களுக்குப் பத்து நாள் கழித்துத்தான் தணிப்பி பதிப்பார்கள். சுற்றி நின்றவர்கள், பல வருடங்களாகப் பார்க்காத ஒன்றைப் பார்ப்பவர்களைப் போல, நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். அவள் அவருடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அழுகை நிற்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது அவளுக்கு மறந்துபோயிருந்தது.

வாயில் அதிகாரி கண்ணாடியை நீட்டினார். "இனி இவரு நம்ம ஊருப் பதிவு. பாதுகாவலர்னு உங்க பேர ஊனுங்க."

செண்பகவல்லி விரலை வைத்தாள். நடுவில் எந்த எல்லையும் இல்லை. பெயர் அந்த நொடியே ஊன்றியது. பேர் கணக்கு: 1 என்று காட்டியது.

பையை அவள் வாங்கிக்கொண்டாள். இருவரும் நீண்ட நடைவழியில் நடந்தார்கள். செவ்வாயின் குறைந்த ஈர்ப்புக்குப் பழகாத உலகநாதன் ஓரோர் அடிக்கும் சற்றே எழும்பி எழும்பி நடந்தார். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார்.

"மூணு பேருக்கும்தான் தாயி எழுதினேன்," என்றார். "பெரியவன் பாத்தான், சின்னவளும் பாத்தா. அந்த எஸ்தரம்மா தெனமும் வந்து, பதில் வந்துச்சா பதில் வந்துச்சான்னு கேக்கும். வரும்மா வரும்மான்னு சொல்லுவேன். எனக்கே வெக்கமாப் போச்சு. மூணாம் நாளுதான் ஒன்னோடது வந்துச்சு." மீசையைத் துடைத்துக்கொண்டார். "நீ ஒருத்திதான் வாங்கன்னு கூப்பிட்ட."

செண்பகவல்லி நின்றாள். அறுபது வயது விதி அவள் நாக்கு நுனிவரை வந்தது. அவர் தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மெதுவாக எதையோ உடைப்பதுபோல இருந்தது. அது எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"அண்ணனுக்கு முட்டி சரியில்லப்பா," என்றாள். "மங்கைக்கு லீவு கெடைக்கல."

"அதத்தான சொல்றேன். ஒனக்கு மட்டும் தோதாவா இருக்கு? இம்புட்டுத் தூரத்துல கெடந்துக்கிட்டு நீ கூப்பிட்டேல்ல."

அவளுக்குப் பின்னால் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் வழி கேட்டார்கள். அவள் ஓரமாக ஒதுங்கி அவர்களைப் போகவிட்டாள். பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வாங்கப்பா," என்றாள்.

இந்தத் தடவை அவர் ஒரு கை நீளத் தூரத்தில்தான் நின்றிருந்தார். உடனே வந்தார்.